பையனுக்குக் கற்றல் பரிசோதனை: கோவைத் தனியார் மையம், வட்டார வள மையம், அரசு ஆஸ்பத்திரி

வாசிக்கவும் எழுதவும் சிரமப்பட்ட பையனைப் பரிசோதிக்க, கோவைத் தனியார் மையத்தில் 6,500 ரூபாய் கட்டினோம். அரசு நடத்துகிற வட்டார வள மையத்தில் ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. இந்த இரண்டு இடங்களையும், கடைசியில் சான்றிதழ் தந்த அரசு ஆஸ்பத்திரியையும் பற்றித்தான் எழுதுகிறேன். என்னிடம் ஜாக்கெட் தைக்க வருகிறவர்களில் மட்டும் நான்கு அம்மாக்கள், "உங்க பையனை எங்கீங்க காட்டுனீங்க?" என்று இதுவரை கேட்டுவிட்டார்கள். வாசலில் நின்றபடி பாதி சொல்வேன், பாதி விட்டுப்போகும். அதனால் முழுதாக எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஊர் அவிநாசிக்கும் கோபிக்கும் நடுவில் இருக்கிறது. ஊர்ப் பெயரும் போன இடங்களின் பெயரும் போடவில்லை. பையன் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறான். நான் வீட்டில் தையல், வீட்டுக்காரர் திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் கட்டிங் மாஸ்டர். பையன் இப்போது 6-ஆம் வகுப்பு. இதில் சொல்வதெல்லாம் அவன் 3-ஆம் வகுப்பு முடித்த 2023 ஏப்ரலுக்கும் 2024 ஜனவரிக்கும் இடையில் நடந்தது.

எல்.கே.ஜி.யிலிருந்து பக்கத்து டவுனில் ஒரு தனியார் ஆங்கில வழிப் பள்ளியில் படித்தான். பேச்சில் கெட்டிக்காரன். என் மாமனார் ராத்திரி வாசலில் கட்டிலைப் போட்டு உடுக்கைப் பாட்டில் வரும் கதையைச் சொன்னால், மறுநாள் அப்படியே திருப்பிச் சொல்வான், யாருடைய குதிரை என்ன நிறம் என்பது வரை. நோட்டைத் திறந்தால் வேறு பையன். 'கொடி' என்பதை 'கெடி' என்று வாசிப்பான். கொம்பு எழுத்துக்கு முன்னாலும் கால் பின்னாலும் நிற்கிறதல்லவா, முன்னால் இருப்பதைப் பிடித்துக்கொள்வான், பின்னால் இருக்கும் கால் நழுவிவிடும். 'தட்டு' அவன் நோட்டில் 'தடு' ஆகிவிடும். ஆங்கிலத்தில் b-யும் d-யும் இடம் மாறும். கரும்பலகையில் இருக்கும் ஐந்து வரியை எழுதி முடிப்பதற்குள் பெல் அடித்துவிடும்.

டைரியில் சிவப்பு மையில் 'கேர்லெஸ்' என்று எழுதி வரும். மூன்று வருடம் அந்தச் சொல்லுக்குக் கீழே கையெழுத்துப் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தேன். நானும் அவனை அடித்திருக்கிறேன், தையல் ஸ்கேலால். அதை மறைத்துவிட்டு மற்றவர்களைப் பற்றி எழுதக் கூடாது.

3-ஆம் வகுப்பு ரிசல்ட் அன்று எங்கள் இரண்டு பேரையும் பிரின்சிபல் கூப்பிட்டார். "பையனுக்கு ஏதோ பிரச்சினை இருக்குதுங்க. வெளிய அசெஸ்மென்ட் பண்ணி ரிப்போர்ட் கொண்டாங்க. எங்ககிட்ட அந்த வசதியெல்லாம் இல்லீங்க. முடியலைன்னா டிசி வாங்கிக்குங்க" என்றார். நாங்கள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழுந்து வந்தோம். உண்மையாகவே "மன்னிச்சுக்குங்க மேடம்" என்று சொன்னோம்.

மே மாதம் கோவைக்குப் போனோம். இந்தத் தனியார் மையத்தைப் பற்றி முதலில் நல்லதைச் சொல்ல வேண்டும். போனில் பேசும்போதே, "முதல்ல கண்ணும் காதும் டெஸ்ட் பண்ணிட்டு வாங்க. அதுல குறை இருந்தா நாங்க பண்றதுக்கு அர்த்தமே இல்லைங்க" என்றார்கள். அவசரமாகக் காசு வாங்கப் பார்க்கிற இடம் இல்லை என்று அப்போதே ஒரு நம்பிக்கை வந்தது. இரண்டு நாள் வரச் சொன்னார்கள். முதல் நாள் ஒரு மணி நேரம் எங்களிடம் மட்டும் பேசினார்கள். பிரசவம் எப்படி, பிறந்தபோது எத்தனை கிலோ, எப்போது நடந்தான், வலிப்பு வந்ததா, குடும்பத்தில் வேறு யாராவது படிக்கச் சிரமப்பட்டார்களா.

அந்தக் கடைசிக் கேள்விக்கு வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "நான் ஏழாவதோட நின்னது அதனாலதாங்க. எழுத்து நகர்ற மாதிரி இருக்கும். யார்கிட்டயும் சொன்னதில்லீங்க" என்றார். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம், எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். கம்பெனியில் பேட்டர்னை ஒரு தடவை பார்த்தால் போதும், துணி வீணாகாமல் வெட்டுகிற மனிதர்.

இரண்டாம் நாள் பையனுக்கு மூன்று மணி நேரம், நடுவில் இடைவேளை விட்டு. முதலில் மாலின் நுண்ணறிவுச் சோதனை: கட்டைகளை அடுக்குவது, படத்தில் விடுபட்டதைச் சொல்வது, எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்வது, வழி கண்டுபிடிப்பது. அப்புறம் வாசிப்பு, எழுத்து, சொல்வதைக் கேட்டு எழுதுவது, கணக்கு. தமிழ் வாசிப்பையும் பார்த்தார்கள். எட்டுப் பக்க ரிப்போர்ட். அறிவுத்திறன் வயதுக்கேற்ற சராசரி, கணக்கும் வயதுக்கேற்றபடி. வாசிப்பும் எழுத்தும் மட்டும் 1-ஆம் வகுப்பு அளவில் நிற்கிறது, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு என்று எழுதியிருந்தது. சோதித்த அம்மா எங்களை உட்கார வைத்து இருபது நிமிடம் தமிழில் விளக்கினார். "இவன் சோம்பேறி கிடையாதுங்க. மத்த பசங்க ஒரு மடங்கு உழைச்சா இவன் மூணு மடங்கு உழைக்கிறான்" என்று அவர் சொன்னபோது வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார்.

கையெழுத்துக்குக் கீழே இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு எண் இருந்தது. நீங்கள் எந்த மையத்துக்குப் போனாலும் அதை முதலில் பாருங்கள். 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்த வேலையைச் செய்கிறவர்கள் அந்த மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண் இல்லாமல் போர்டு மாட்டியிருக்கிற இடத்தில் காசைக் கொடுக்காதீர்கள்.

குறை என்றால் இரண்டு. ரிப்போர்ட் முழுக்க ஆங்கிலம். தமிழில் சுருக்கம் கேட்டேன், இரண்டு வாரம் கழித்து அரைப் பக்கம் வந்தது. இரண்டாவதுதான் பெரிய குறை. இந்த ரிப்போர்ட் சட்டப்படியான சான்றிதழ் ஆகாது என்று ஒருவரும் சொல்லவில்லை. அரசு நியமித்த மருத்துவ அதிகாரி தருவது மட்டும்தான் சான்றிதழ். பரீட்சைச் சலுகை எதற்குக் கேட்டாலும் அதைத்தான் கேட்பார்கள். இந்த ஒரு வரியைக் காசு கட்டும் மேசையில் எழுதி ஒட்டியிருந்தால் போதும். ரிப்போர்ட்டைக் கையில் வாங்கும்போது வேலை முடிந்துவிட்டது என்றுதான் நாங்கள் நினைத்தோம். என் மதிப்பெண் 5-க்கு 3. பரிசோதனைக்கு மட்டும் என்றால் நாலரை கொடுப்பேன்.

ரிப்போர்ட்டைப் பழைய பள்ளியில் கொண்டுபோய்க் கொடுத்தோம். பையனுக்குப் பக்கத்தில் உட்கார ஒரு தனி டீச்சர் வேண்டும், அதற்கு மாதம் 8,000 ரூபாய் நாங்கள் தர வேண்டும் என்றார்கள். டிசி வாங்கிக்கொண்டு வந்தோம்.

ஜூன் மாதம் எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் 4-ஆம் வகுப்பில் சேர்த்தோம். வேன் ஸ்கூலை விட்டு இங்கே சேர்த்ததில் அத்தைக்கு ரொம்ப வருத்தம். மூன்று நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

அந்த வருடம்தான் எண்ணும் எழுத்தும் திட்டத்தை 4, 5-ஆம் வகுப்புகளுக்கும் கொண்டு வந்திருந்தார்கள். அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தை நிற்கிற நிலையைப் பார்த்து அதற்கேற்ற பாடம். என் பையன் அரும்பு. 4-ஆம் வகுப்பில் அரும்பு என்று கேட்டதும் எனக்கு நெஞ்சு அடைத்தது. ஆனால் மூன்றாவது வாரம் வகுப்பு டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "ஏனுங்க, இவன் பேச்சு மலர், வாசிப்பு அரும்பு. இது சாதாரணமா இல்லைங்க. நான் சிறப்பாசிரியர்கிட்டச் சொல்லியிருக்கறேன்" என்றார். கோவை ரிப்போர்ட்டை நான் அதுவரை அவரிடம் காட்டவில்லை, இங்கேயும் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில். ரிப்போர்ட் இல்லாமலே, ஐந்து வருடம் பழைய பள்ளியில் யாருக்கும் தெரியாததை, மூன்று வாரத்தில் இந்த டீச்சர் கண்டுபிடித்துவிட்டார்.

வட்டார வள மையத்திலிருந்து, குறைபாடுள்ள குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற அந்தச் சிறப்பாசிரியர் ஸ்கூட்டரில் வந்தார். வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு, சோதனைப் பட்டியலை வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். பையனைப் படிக்கச் சொன்னார், எழுதச் சொன்னார், கதை சொல்லச் சொன்னார். அப்புறம் என்னிடம் சம்மதக் கையெழுத்து வாங்கினார். கோவை ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு, "நல்லாப் பண்ணியிருக்காங்க. ஆனா இதுக்கு நீங்க காசு கொடுத்திருக்கவே வேண்டாங்க" என்றார். பழைய பள்ளியில் நடந்ததைச் சொன்னேன், மன்னிப்புக் கேட்டதையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "மன்னிப்பு அவங்கதாங்க கேட்டிருக்கோணும்" என்று சொல்லிப் பையிலிருந்து ஒரு ஜெராக்ஸ் தாளை எடுத்துக் கொடுத்தார். அந்தத் தாளை இன்னும் தையல் மிஷின் டிராயரில்தான் வைத்திருக்கிறேன்.

அதில் இருந்தது 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 1995-ஆம் ஆண்டுப் பழைய சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன, கற்றல் குறைபாடு அதில் இல்லை. புதிய சட்டத்தில் 21 வகை, கற்றல் குறைபாடும் உண்டு. இதில் 16-ஆம் பிரிவு பள்ளிகளின் கடமையைச் சொல்கிறது. அரசு பணம் கொடுக்கிற பள்ளி மட்டும் இல்லை, அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியும் அதில் அடக்கம். அதாவது வேன் வருகிற தனியார் பள்ளியும்தான். பாகுபாடில்லாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும். கற்றல் குறைபாட்டைக் கூடிய சீக்கிரம் கண்டறிய வேண்டும். கண்டறிந்தபின் அதற்கேற்ற கற்பித்தல் முறைகளைச் செய்ய வேண்டும். ஒவ்வொரு குழந்தையும் எப்படி முன்னேறுகிறது என்று கவனித்து வர வேண்டும். கண்டறிவதை அப்பா அம்மா தலையில் அந்தப் பிரிவு எங்கேயும் வைக்கவில்லை.

அதைவிடத் தெளிவாக இருந்தது, 2018 ஜனவரியில் மத்திய அரசு அரசிதழில் வெளியிட்டு அப்போது நடைமுறையில் இருந்த மதிப்பீட்டு வழிகாட்டுதல். அதன்படி 3-ஆம் வகுப்பிலோ எட்டு வயதிலோ, எது முதலில் வருகிறதோ அப்போது ஆசிரியர்கள் குழந்தையை முதல்கட்டமாகச் சோதிக்க வேண்டும். அரசுப் பள்ளி, தனியார் பள்ளி இரண்டுக்கும் இது பொது. ஒவ்வொரு பள்ளியிலும் தலைமை ஆசிரியர் தலைமையில் ஒரு குழு இருக்க வேண்டும். அந்தக் குழு பெற்றோரை அழைத்துப் பேச வேண்டும், தேவைப்பட்டால் பள்ளியே மேல் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். அதற்குப் பிறகுதான் குழந்தை மருத்துவர், அப்புறம் உளவியலாளர், அப்புறம் சான்றிதழ்.

என் பையனுக்கு எட்டு வயதானதும் அந்தப் பள்ளியில்தான், 3-ஆம் வகுப்பு முடித்ததும் அந்தப் பள்ளியில்தான். அந்த வேலையை அவர்கள் செய்ய வேண்டிய வருடத்தில் எங்களை வெளியே அனுப்பினார்கள். கல்வி உரிமைச் சட்டம் இன்னொன்றும் சொல்கிறது: தொடக்கக் கல்வி முடியும் வரை, அதாவது 8-ஆம் வகுப்பு வரை, எந்தக் குழந்தையையும் பள்ளியை விட்டு நீக்கக் கூடாது. "டிசி வாங்கிக்குங்க" என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டார்கள். நாங்களே கேட்டு வாங்கியதாக எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தோம்.

தையல்காரியாக எனக்கு இது இப்படித்தான் புரிகிறது. ஒரே அளவு ஜாக்கெட்டை வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் தைத்துவிட்டு, போட்டுப் பார்த்து இறுக்கிப் பிடிக்கிறது என்று சொன்னால், "உங்க உடம்புதான் சரியில்லை, வெளிய போய் அளவெடுத்துட்டு வாங்க" என்று நான் சொல்ல முடியுமா? அளவெடுப்பது என் வேலை, கூலி அதற்கும் சேர்த்துத்தான். அந்தப் பள்ளிக்கும் வருடா வருடம் ஃபீஸ் கட்டினோம்.

வட்டார வள மையம் பெரிய கட்டடம் ஒன்றுமில்லை. இரண்டு அறை, பிசியோதெரபிப் பந்துகள், பிடித்து நடக்கிற கம்பிகள், சுவரில் குழந்தைகள் கைவைத்த பெயின்ட் தடம். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளை அம்மாக்கள் இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வருகிறார்கள். அவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான், நான் தனியாள் இல்லை என்று தோன்றியது. அங்கே கிடைத்த பாடம் எளிமையானது. 'கொ' என்று ஒரு அட்டை. கொம்பு நீல நிறம், நடுவில் எழுத்து கறுப்பு, கால் சிவப்பு. மூன்றையும் தனித்தனியாக வெட்டி, பையனையே சேர்த்து வைக்கச் சொன்னார். சிவப்பு வந்தால்தான் சத்தம் மாறும் என்று அவனே விளையாட்டாகக் கண்டுபிடித்தான். மணலில் விரலால் எழுதினான். அட்டையில் ஒரு வரி அளவுக்கு ஓட்டை போட்டு, புத்தகத்தின் மேல் வைத்து, ஒரு வரி மட்டும் தெரிகிற மாதிரிப் படிக்க வைத்தார். நவம்பரில் ஒருநாள் பஸ்ஸில் வரும்போது 'கொடிவேரி' என்று எதிரே வந்த பஸ்ஸின் போர்டைச் சத்தமாகப் படித்தான். கால் விடாமல்.

இங்கேயும் குறை உண்டு. குறை அந்த டீச்சரிடம் இல்லை. அவர் ஒருவரே பத்துப் பள்ளிகளுக்கு மேல் பார்க்கிறார், எங்கள் பள்ளிக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவைதான் வர முடிகிறது. சிறப்பாசிரியர்களை நியமிப்பது பற்றி 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அடுத்த வருடம் மத்திய அரசு கணக்கு வெளியிட்டது: தொடக்க வகுப்புகளில் இப்படிப்பட்ட 10 குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், 6 முதல் 8 வரை 15 குழந்தைகளுக்கு ஒருவர். இவரோ தொகுப்பூதியத்தில் வேலை செய்துகொண்டு, சொந்தக் காசில் பெட்ரோல் போட்டுக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுகிறார். அவருக்கு 5-க்கு 5. அவரைத் தனியாக விட்டிருக்கிற ஏற்பாட்டுக்கு என்னால் 2-க்கு மேல் போட முடியவில்லை.

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். பள்ளிக்குப் போகிற குழந்தைகளில் குறைபாடு உள்ளவர்களைக் கண்டறிய ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவு அரசுக்குச் சொல்கிறது. பையன் 2-ஆம் வகுப்பு படிக்கும்போது எங்கள் வீட்டுக்கும் கணக்கெடுக்க வந்தார்கள். "பையன் பள்ளிக்கூடம் போறானுங்களா?" என்று கேட்டார்கள். "போறானுங்க" என்றேன். எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். பள்ளிக்குப் போகிறவன் அங்கே என்ன பாடு படுகிறான் என்று ஒரு கேள்வி கூடுதலாக இருந்திருந்தால், ஒன்றரை வருடம் முன்னாலேயே தெரிந்திருக்கும்.

செப்டம்பரில் மருத்துவ முகாம் நடந்தது. கை கால் குறைபாடு, காது, கண் குறைபாடு உள்ளவர்களுக்கு அங்கேயே டாக்டர்கள் பார்த்து எழுதிக் கொடுத்தார்கள். கற்றல் குறைபாட்டுச் சோதனைக்கு மணிக்கணக்காகும் என்பதால் எங்களை அரசு ஆஸ்பத்திரிக்கு எழுதிவிட்டார்கள். அக்டோபர் கடைசியில் விண்ணப்பித்தோம்.

ஆஸ்பத்திரிக்கு நான்கு தடவை போனோம். காலை ஆறு மணி பஸ், தூக்குப் போசியில் அரிசிம்பருப்புச் சோறு. முதல் தடவை குழந்தை மருத்துவர் நரம்பு, கண், காது எல்லாம் பார்த்தார். இரண்டாம் தடவை போனபோது உளவியலாளர் லீவு. முன்னமே ஒரு போன் செய்திருக்கலாம், என் நம்பர் விண்ணப்பத்திலேயே இருக்கிறது. அன்றைக்கு வீட்டுக்காரருக்கு ஒரு ஷிப்ட் போச்சு, எனக்கு இரண்டு ஜாக்கெட் போச்சு. பையன் வரிசையில் நின்று, நின்று, கடைசியில் தரையிலேயே உட்கார்ந்து தூங்கிவிட்டான்.

மூன்றாம் தடவை சோதனை. கோவை ரிப்போர்ட்டை நீட்டினேன். "வெளி ரிப்போர்ட்டை வச்சுச் சான்றிதழ் தர முடியாதுங்க, நாங்களும் பாக்கோணும்" என்றார் உளவியலாளர். ஆனால் அதை ஓரமாக வைக்காமல் முழுதாகப் படித்தார், அதில் சோதித்ததையும் தேதியையும் குறித்துக்கொண்டார். வாசிப்புச் சோதனை தமிழில் இருந்தது. பாதியில் பையனுக்குக் கண் கலங்கிவிட்டது. "சாமி, வெளிய போயித் தண்ணி குடிச்சுட்டு, அந்த மரத்தைச் சுத்தி ரெண்டு ரவுண்டு ஓடிட்டு வா" என்று அனுப்பினார். வெளியே நூறு பேர் காத்திருக்கிற இடத்தில், ஒரு குழந்தைக்காகப் பத்து நிமிடம் நிறுத்தி வைத்தார். அந்தப் பத்து நிமிடத்துக்காகவே ஆஸ்பத்திரியைப் பற்றி என்னால் கோபமாக எழுத முடியவில்லை.

சான்றிதழ் கைக்கு வர 11 வாரம் ஆனது. 2017-ஆம் ஆண்டு விதிகளில், விண்ணப்பித்து ஒரு மாதத்துக்குள் தர வேண்டும் என்று இருந்தது. 14 வயதில் ஒரு தடவை, 18 வயதில் ஒரு தடவை மறுபடியும் சோதித்துப் புதுப்பிக்க வேண்டும் என்றார்கள். அப்போதைய வழிகாட்டுதலில் எட்டு வயதுக்குக் கீழே இந்தச் சான்றிதழ் கிடையாது. அதற்காக எட்டு வயது வரை பள்ளி கையைக் கட்டிக்கொண்டு இருக்கலாம் என்று அர்த்தம் இல்லை, உதவி செய்யச் சான்றிதழ் தேவையில்லை.

காத்திருந்த அந்தப் பதினொரு வாரத்தில்தான், வீட்டுக்காரரின் அக்கா, நான் நங்கையா என்று கூப்பிடுகிறவர், இங்கிலாந்திலிருந்து போனில் பேசினார். அவர் இரண்டாவது பையனுக்கும் இதே மாதிரிதான். அங்கே 2014-ஆம் ஆண்டில் இதற்கென்று ஒரு சட்டம் வந்திருக்கிறது. குழந்தைக்கு முழு மதிப்பீடு வேண்டும் என்று உள்ளாட்சி நிர்வாகத்துக்குப் பெற்றோரே எழுதிக் கேட்கலாம். செய்கிறோமா இல்லையா என்று அவர்கள் ஆறு வாரத்துக்குள் சொல்ல வேண்டும். திட்டம் எழுதிக் கொடுப்பது வரை எல்லாம் 20 வாரத்துக்குள் முடிய வேண்டும். மறுத்தால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். "இங்கயும் இழுத்தடிப்பாங்க கண்ணு, நானும் அழுதிருக்கறேன். ஆனா லெட்டர் போட்ட தேதியில இருந்து நாள் எண்ணலாம்" என்றார். அந்தப் பேச்சு என் மனசில் நின்றுவிட்டது. நம் சட்டத்தில் 'கூடிய சீக்கிரம்' என்று இருக்கிறது. பள்ளி கண்டறிய வேண்டிய அந்த முதல் படிக்கு எத்தனை நாள் என்று ஒரு எண் வேண்டும். என் பையனின் 'கூடிய சீக்கிரம்' ஐந்து வருடம்.

சான்றிதழால் என்ன கிடைத்தது என்று கேட்கிறார்கள். கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மொழி மூன்றாம் மொழியிலிருந்து விலக்கு, இவையெல்லாம் சட்டத்திலேயே பெயர் சொல்லிக் குறிப்பிட்டவை. 10-ஆம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு அவை தேவைப்படும். இப்போதைக்கு 6-ஆம் வகுப்பில் கேள்வித்தாளை டீச்சர் ஒரு தடவை வாசித்துக் காட்டுகிறார், சமூக அறிவியலில் வாயால் பதில் சொல்ல விடுகிறார். அவன் இன்னும் மெதுவாகத்தான் படிக்கிறான். மெதுவாகத்தான் படிப்பான். ராத்திரி கட்டிலில் மாமனாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் அப்பாவும் அவனும் சேர்ந்து தினத்தாளில் ஒரு செய்தியை வாசிக்கிறார்கள். அட்டையில் ஓட்டை போட்டதை வைத்துக்கொண்டு, இரண்டு பேரும்.

தனியார் பள்ளியில் குழந்தை படிக்கிறது என்றால் நான் சொல்வது இதுதான். வாயால் கேட்காதீர்கள். தலைமை ஆசிரியருக்கு ஒரு பக்கக் கடிதம் தமிழில் எழுதுங்கள். 2016-ஆம் ஆண்டுச் சட்டம், 16-ஆம் பிரிவு என்று குறிப்பிட்டு, என் குழந்தைக்கு முதல்கட்டச் சோதனை செய்து முடிவை எழுத்தில் தாருங்கள் என்று கேளுங்கள். நகலில் பள்ளி முத்திரையும் தேதியும் வாங்குங்கள். பதில் வராவிட்டால் மாவட்டக் கல்வி அலுவலருக்கு அந்த நகலோடு எழுதுங்கள். அங்கேயும் நகரவில்லை என்றால் சென்னையில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார், இந்தப் புகார்களைக் கேட்பது அவர் வேலை. சான்றிதழுக்கு நீங்கள் நேராகவே விண்ணப்பிக்கலாம், பள்ளி சம்மதிக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. கையில் காசு இருந்து, சீக்கிரம் தெரிய வேண்டும் என்றால் தனியார் மையத்துக்கும் போங்கள், தப்பில்லை. ஆனால் அந்த ரிப்போர்ட் உங்களுக்குத் தெளிவு தரும், சான்றிதழ் தராது. டிசி கேட்டு நீங்களாக மட்டும் எழுதிக் கொடுக்காதீர்கள்.

போன வாரம், அந்த நான்கு அம்மாக்களில் ஒருவர் பட்டுச்சேலைக்கு ஜாக்கெட் கொடுக்க வந்தார். அவர் பெண் 3-ஆம் வகுப்பு. டைரியைக் காட்டினார், அதே சிவப்பு மை. தையல் மேசையிலேயே உட்கார்ந்து இரண்டு பேரும் கடிதம் எழுதினோம், அந்த ஜெராக்ஸ் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. மறுநாள் சாயங்காலம் திரும்பி வந்தார். முதலில் வாங்கமாட்டேன் என்றார்களாம், "பிரிவு 16"-ஐப் படித்துவிட்டு வாங்கிக்கொண்டார்களாம். நகலில் முத்திரை இருந்தது. தேதியும் இருந்தது.